நாய்க்குட்டியோடு ஒரு சீட்டும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு சென்னையில் நாய்க்குட்டி தேடுவோர் அதிகமாகிவிடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டுக்குத் தோதாக இருக்கும் என்று பலரும் கேட்பது பொமரேனியன், ஷிட்ஸு, பக், டேஷண்ட், சிவாவா போன்ற சின்ன ரகங்களைத்தான். குட்டியைக் கையில் கொடுக்கும்போது, "பாலும் பிஸ்கட்டும் கொடுங்க, போதும்" என்கிறார் விற்பவர். சில கடைகளில் கூடவே ஒரு கால்சியம் சிரப்பும் வந்துவிடும். எந்த உணவு, எத்தனை கிராம், எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று எழுதிக் கொடுப்பவர் மிகக் குறைவு. வீட்டுக்கு வந்த முதல் பத்து நாளில் குட்டி துவண்டு விழுவதற்கும் வயிற்றுப்போக்கில் கிடப்பதற்கும் பல சமயம் இதுதான் காரணம். வாங்கப்போகிறவர்களுக்கும் வாங்கிவிட்டவர்களுக்கும் பயன்படும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குட்டியின் வயது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. ஆனாலும் ஐந்து வாரக் குட்டியை "ரெண்டு மாசம்" என்று சொல்லி விற்பது நடக்கிறது. வாயைத் திறந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். 8 வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் வந்திருக்க வேண்டும். மிகச் சின்ன ரகங்களில் கொஞ்சம் தாமதமாகலாம்; ஆனால் பின்பக்க ஈறு வெறுமையாக இருந்தால் அந்தக் குட்டி இன்னும் தாயிடம் இருக்க வேண்டியது. அதற்கு இனி நான் சொல்லப்போகும் கணக்கு எதுவும் பொருந்தாது. அதை வாங்காமல் வருவதே நல்லது.

சின்ன ரகக் குட்டியின் சிக்கலே இதுதான்: வயிறு சின்னது, தேவையோ பெரியது. உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால், வளரும் குட்டிக்கு வளர்ந்த நாயைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அதை ஒரே வேளையில் வயிற்றுக்குள் தள்ள முடியாது. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்க இடமும் இல்லை. ஒரு கிலோ எடையுள்ள குட்டி நாலைந்து மணி நேரம் சாப்பிடாமல் விளையாடிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் 8 வாரத்திலிருந்து 4 மாதம் வரை ஒரு நாளைக்கு 4 வேளை. காலை 6 மணி, பகல் 11 மணி, மாலை 4 மணி, இரவு 10 மணி என்று வைத்துக்கொள்ளலாம். இரவு இடைவெளி 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோவுக்கும் குறைந்த குட்டி என்றால் நடுராத்திரியில் எழுந்து கொஞ்சம் உணவு வைப்பது முதல் இரண்டு வாரத்துக்காவது அவசியம். 4 மாதத்துக்கு மேல் 3 வேளை, 6 மாதத்துக்கு மேல் 2 வேளை போதும்.

எவ்வளவு என்பதற்குக் கால்நடை மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. அதைப் போட்டு முடித்த விடையை மட்டும் தருகிறேன். 4 மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு, எடை ஒரு கிலோ என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 210 கலோரி வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 285, இரண்டு கிலோவுக்கு 350. கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான உலர் உணவு (ட்ரை ஃபுட்) 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் 'கிலோ கலோரி' என்று போட்டிருப்பதைப் பாருங்கள் (நாம் பேச்சில் கலோரி என்பது அதைத்தான்). 380 என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ குட்டிக்கு நாள் முழுவதற்கும் 55 கிராம், ஒன்றரைக் கிலோவுக்கு 75 கிராம், இரண்டு கிலோவுக்கு 90 கிராம். இதைத்தான் நாலாகப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 14 கிராம்கூட வராது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குழி நிறையாது. "இவ்வளவுதானா, பாவம்" என்று மனசு கேட்காமல் இன்னொரு கை போடுவதில்தான் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கிறது.

அளப்பதில் நடக்கும் தவறுகள் மூன்று. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு ஒரு நாளைக்கானது. அதை ஒரு வேளைக்கு என்று எடுத்துக்கொண்டு நாலு மடங்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, பல கம்பெனிகளின் அட்டவணையில் இடது பக்கம் இருக்கும் எடை குட்டியின் இன்றைய எடை அல்ல, வளர்ந்த பிறகு வரப்போகும் எடை. மேலே என்ன தலைப்பு என்று படிக்காமல் வரிசையைத் தேடினால் தப்பான எண்தான் கிடைக்கும். மூன்றாவது, டம்ளர். ஒவ்வொரு வீட்டு டம்ளரும் ஒவ்வொரு அளவு. அதோடு உலர் உணவுப் பருக்கையின் பருமனைப் பொறுத்து ஒரே டம்ளரில் பிடிக்கும் எடையும் மாறும். சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருந்தால் போதும். காலையில் ஒரு தடவை நிறுத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அதிலிருந்து மட்டுமே எடுங்கள். வீட்டில் நாலு பேர் நாலு தடவை ஊட்டினாலும் மொத்தம் கூடாது. தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் என்று ஊட்டுகிற வீடுகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

8 முதல் 10 வாரக் குட்டிக்கு உலர் உணவை ஊற வைத்துக் கொடுங்கள். உணவு எத்தனை கரண்டியோ அத்தனை கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். 10 முதல் 15 நிமிடம் ஊறட்டும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், சில வைட்டமின்கள் அதில் கெட்டுவிடும். பாலிலும் ஊற வைக்க வேண்டாம். வாரா வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் 12 வாரத்தில் குட்டி தானாகவே கடித்துச் சாப்பிடும். ஊற வைத்ததை அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடக்கூடாது. சென்னை வெயிலில், அதிலும் கத்திரி மாதத்தில், காலையில் ஊற வைத்தது பதினொரு மணிக்குப் புளித்து நுரைக்கும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மத்தியானம் சூடு பண்ணிக் கொடுப்பதும் வேண்டாம். 14 கிராமில் மிஞ்சுவதைக் கொட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. வெயில் காலத்தில் பகல் வேளை உணவைக் குட்டி மறுத்தால் அதை மாலைக்குத் தள்ளிச் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஃபேனுக்கு அடியில், குளிர்ந்த தரையில் மறுபடி வைத்துப் பாருங்கள்.

இங்கே கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து நாய் உணவைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. விலை கொஞ்சம் மலிவுதான். ஆனால் அதில் தயாரித்த தேதி இல்லை, காலாவதித் தேதி இல்லை, கலோரி எவ்வளவு என்றும் தெரியாது. திறந்த மூட்டையில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். கடலோரக் காற்றின் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை நஞ்சு குட்டியின் ஈரலைத்தான் தாக்கும். மோந்து பாருங்கள்: பழைய எண்ணெய் வாடை அடித்தால் அது உணவு இல்லை. ஒரு கிலோ குட்டிக்கு ஒரு மாதத்துக்கே ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோதான் செலவாகும் என்பதால் சின்ன மூடிய பாக்கெட் வாங்குவதில் நஷ்டமே இல்லை. வாங்கியதை அதே பையோடு இறுக்கி மூடி, எறும்பு ஏறாத டப்பாவுக்குள் வையுங்கள். திறந்த பாக்கெட்டை ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

இனி பாலும் பிஸ்கட்டும். தாய் நாயின் பாலில் கொழுப்பு 9 சதவீத அளவிலும் புரதம் 7, 8 சதவீத அளவிலும் இருக்கும்; பால் சர்க்கரையான லாக்டோஸ் மூன்றரை சதவீதத்துக்குள்தான். நாம் வாங்கும் நீல நிறப் பாக்கெட் பாலில் கொழுப்பு 3, புரதமும் ஏறத்தாழ 3, லாக்டோஸ் மட்டும் ஐந்துக்குப் பக்கம். தாயிடம் பழகிய குடலுக்கு இது தலைகீழ். லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் பால் மறக்கும் வயதில் குறைந்துகொண்டே வருகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை நீர்க்க வைக்கும். தண்ணீர் கலந்து கொடுத்தால் கெடுதல் இல்லை என்று நினைக்கிறார்கள். அதில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் புரதமும் கொழுப்பும் இன்னும் குறைவதுதான் மிச்சம்.

ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. நாலு பிஸ்கட்டை 100 மில்லி பாலில் ஊற வைத்தால் 160 கலோரி. ஒரு கிலோ குட்டியின் நாள் தேவையில் முக்கால் பங்கு அதிலேயே தீர்ந்துவிட்டது, வயிறும் நிறைந்துவிட்டது. ஆனால் அதில் கிடைத்த புரதம் 5 கிராம் அளவுதான். அந்தக் குட்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 12 கிராம் வேண்டும். குட்டி நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஏன் முதுகெலும்பு துருத்திக்கொண்டு முடி கொட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு என் முதல் கேள்வி பிஸ்கட் எத்தனை என்பதுதான். (வயிறு மட்டும் பானை போல உப்பி மற்ற இடமெல்லாம் ஒட்டியிருந்தால் அது புழு. 2 வார வயதில் ஆரம்பித்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு தடவையும், அன்றைய எடைக்கு ஏற்பப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும்.)

அசைவம் சமைக்காத வீடுகளில் தயிர் சாதம் கொடுக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி தயிர் குட்டிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தயிர் சாதமே உணவு என்றால் பால் பிஸ்கட்டின் குறைதான் இதிலும். இந்த வீடுகளுக்கு என் யோசனை, குட்டிகளுக்கென்று முழுமையாகத் தயாரிக்கப்பட்ட உலர் உணவு. கையில் எடுத்துப் போடுவது பருக்கைதான். வீட்டுப் பாத்திரம் எதுவும் அதற்காகத் தீட்டுப்பட வேண்டியதில்லை. பாக்கெட்டில் 'முழுமையான உணவு', 'வளரும் குட்டிகளுக்கு' என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'ட்ரீட்' என்றோ 'துணை உணவு' என்றோ இருந்தால் அது தினசரி உணவுக்கு ஆகாது.

கோழியும் சாதமும் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டில் சமைத்ததுதான் சுத்தம் என்ற எண்ணம் நியாயமானதே. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு, எலும்பில்லாத வெந்த கோழிக்கறி 100 கிராம், குழைந்த சாதம் 100 கிராம், உப்பு மஞ்சள் மசாலா எதுவும் இல்லாமல், நாலு வேளையாகக் கொடுத்தால் கலோரிக் கணக்கு சரியாக வந்துவிடும். உலர் உணவு தீர்ந்துபோன ஓரிரு நாளுக்கு இது போதும். ஆனால் மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் எலும்பு கெடும். அந்தக் குட்டிக்கு ஒரு நாளைக்குக் கால்சியம் சுமார் 850 மில்லிகிராம் வேண்டும்; இந்தத் தட்டில் 30 மில்லிகிராம்கூடத் தேறாது. பாஸ்பரஸோ கறியில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுக்கும். முன்னங்கால் வில்லாக வளையும், பாதம் பரந்து தட்டையாகும், தூக்கினால் வலியில் கத்தும். கட்டிலிலிருந்து வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒரு குதி குதித்ததற்கு எலும்பு முறிந்துவிடும். முட்டை ஓட்டைக் கழுவி, காய வைத்து, மாவாகப் பொடித்து ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் கால்சியம் ஈடாகும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி அப்போதும் குறைவுதான். வீட்டுச் சமையலிலேயே வளர்ப்பது என்று தீர்மானித்தால் கால்நடை மருத்துவரிடம் எடையும் வயதும் சொல்லி அளவு எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இதற்கு நேர் எதிர் தவறு, முழுமையான உலர் உணவு கொடுத்துக்கொண்டே மேலும் கால்சியம் சிரப் ஊற்றுவது. அந்த உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் தேவையான விகிதத்தில் கலந்துதான் வருகின்றன. மேலே ஊற்றினால் விகிதம் கலையும், துத்தநாகம் உடம்பில் சேருவதும் தடைப்படும். மருத்துவர் எழுதிக் கொடுக்காத சிரப் வேண்டவே வேண்டாம்.

முட்டை நல்லது, ஆனால் ஒரு முழு முட்டை 70 கலோரிக்கு மேல். ஒரு கிலோ குட்டிக்கு அது நாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு. கால் முட்டை, வேக வைத்தது, அதுவும் உலர் உணவில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டு கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், பிரியாணி எலும்பும் சேர்த்துத்தான். சாம்பார் வெங்காயத்தை யாரும் விஷமாக நினைப்பதில்லை. எடை கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் ரத்த அணுக்களை உடைக்கப் போதும். ஒன்றரைக் கிலோ குட்டிக்கு அது மூன்று நாலு சின்ன வெங்காயம். வேக வைத்தாலும் நஞ்சு போகாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எல்லாம் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

குட்டி திடீரென்று தள்ளாடினால், தலை தொங்கினால், உடம்பு நடுங்கினால், ஈறு வெளுத்திருந்தால், பெரும்பாலும் அது சர்க்கரை இறக்கம். தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டு ஈறிலும் நாக்குக்கு அடியிலும் தடவுங்கள். தேன் இருந்தால் தேன். மயங்கிய குட்டியின் வாயில் ஸ்பூனால் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். துண்டில் சுற்றிச் சூடு காப்பாற்றிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். வழியிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தடவலாம். தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் போகத்தான் வேண்டும். தடவிய சர்க்கரை சீக்கிரம் தீர்ந்து மறுபடி விழும்.

வயிற்றுப்போக்கு வந்தால் "ஒரு நாள் பட்டினி போடுங்க, சரியாயிடும்" என்று சொல்லப்படும் யோசனை பெரிய நாய்க்கு. ஒரு கிலோ குட்டியைப் பட்டினி போட்டால் மேலே சொன்ன நிலைக்குத்தான் வந்து நிற்கும். மலம் கொஞ்சம் இளகி, குட்டி சுறுசுறுப்பாக இருந்தால், நாள் அளவில் கால் பங்கைக் குறைத்து இரண்டு நாள் பாருங்கள். அதிகம் போட்டதுதான் காரணம் என்றால் கெட்டியாகிவிடும். வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, மலத்தில் ரத்தமும் கடும் நாற்றமும் இருந்தாலோ உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்; மணிக்கணக்கில் முற்றும் நோய் அது. பக்கத்தில் மருத்துவர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வந்த அன்றே உணவை மாற்றாதீர்கள். விற்பவர் கொடுத்துவந்த உணவையே முதல் சில நாள் கொடுத்து, பிறகு கால் பங்கு புதியது, அரை பங்கு, முக்கால் பங்கு என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் அதே சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துக் குட்டியை நிறுத்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். எடை ஏறும்போது உணவும் ஏறும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. நாலைந்து மாதத்தில் குட்டியின் பசி தானாகக் குறையும். வளர்ச்சியின் வேகம் தணிவதால் இரண்டரைக் கிலோ குட்டிக்கு 75 கிராம் போதும், அதாவது மூன்று மாதத்தில் இரண்டு கிலோவாக இருந்தபோது சாப்பிட்டதைவிடக் குறைவு. நோய் என்று பயந்து கறி கலந்து ஆசை காட்டினால், அதன்பிறகு வெறும் உலர் உணவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சின்ன ரகங்கள் 10 முதல் 12 மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடும். அப்போது வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாற்றலாம்.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் குட்டியைப் பலி கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நாய் வளர்ப்போர் மாநகராட்சியிடம் உரிமம் பெற்றாக வேண்டும். அந்த உரிமத்தோடு தமிழில் ஒரு பக்க உணவுக் குறிப்பைச் சேர்த்துத் தர மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும், வாங்குகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒரு சீட்டு கேளுங்கள்: பிறந்த தேதி, இன்றைய எடை, இதுவரை கொடுத்துவந்த உணவின் பெயரும் நாள் அளவும், கடைசியாக ஊட்டிய நேரம், பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போட்ட தேதி. அவர் கையாலேயே எழுதித் தரட்டும்.

இப்படிக்கு,
சிறுபிராணி மருத்துவப் பணியில் உள்ள வாசகர்,
புரசைவாக்கம், சென்னை